குழந்தைகளுக்கான பொருள் செய்து விற்கப் போகிறீர்களா? அடிக்கடி வரும் கேள்விகள்

கோவையில் பதினோரு வருடமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். மரச் சாமான், துணிப் பொம்மை, பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட், இவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்து, “அக்கா, நானும் குழந்தைகளுக்கு ஏதாவது செய்து விக்கலாம்னு இருக்கேன்” என்று ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளை பெற்றபின் வேலையை விட்ட பெண்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு, மனசு நிறைய ஆசை. எல்லாருக்கும் சொன்னதையே சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த ஐடியா நன்றாக ஓடும்?

ஐடியாவை விடுங்கள். உங்கள் பொருளை யார் வாங்கப் போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். அம்மா தேர்ந்தெடுப்பாள், அப்பா பணம் கொடுப்பார், பாட்டி “இதெல்லாம் எதுக்கு” என்பாள், குழந்தை உள்ளே இருப்பதை ஒதுக்கிவிட்டு அட்டைப் பெட்டியோடு விளையாடும். இந்த நாலு பேரையும் தாண்டித்தான் உங்களுக்குக் காசு வரவேண்டும்.

நான் கவனித்த வரையில், மூன்று வயதுக்குக் கீழே விற்பது அம்மாவின் பயம். ‘இதை வாயில் வைத்தால் ஒன்றும் ஆகாதே?’ என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் வாங்குவார்கள். மூன்றிலிருந்து ஏழு வரை குழந்தையின் அடம். எட்டுக்கு மேல் பக்கத்து பெஞ்சுப் பையன் என்ன வைத்திருக்கிறான் என்பதுதான் எல்லாம். அதனால் ‘எல்லா வயதினருக்கும்’ என்று ஒரு பொருளைக் கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்த மூன்றில் நீங்கள் எது என்றுதான்.

ப்ளே-டோ என்ற விளையாட்டு மாவின் கதை தெரியுமா? அமெரிக்காவில் சின்சினாட்டியில் ஒரு சோப்பு கம்பெனி, சுவரில் ஒட்டிய வால்பேப்பரின் கரியைத் துடைத்தெடுக்க ஒரு மாவு விற்றுக்கொண்டிருந்தது. வீடுகளில் நிலக்கரி அடுப்பு போய் கேஸ் வந்ததும் கரியும் போனது, வியாபாரமும் போனது. முதலாளி வீட்டு உறவுக்காரப் பெண் ஒருவர் சின்னக் குழந்தைகளுக்கு டீச்சர். களிமண் பிஞ்சுக் கைகளுக்குக் கடினமாக இருக்கிறதே என்று அந்த மாவை வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அதே மாவு பொம்மையாகக் கடைக்கு வந்தது. ஐடியா எந்த அறையில் உட்கார்ந்து யோசித்தும் வரவில்லை; குழந்தைகள் இருந்த இடத்தில் கிடைத்தது. நீங்களும் ஒரு வாரம் ஏதாவது பால்வாடியிலோ பூங்காவிலோ சும்மா உட்கார்ந்து பாருங்கள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செலவில்லாத சந்தை ஆய்வு அதுதான்.

பொம்மை செய்து விற்க லைசென்ஸ் வேண்டுமா? வீட்டில்தானே செய்கிறேன்?

வேண்டும். இந்த ஒரு பதிலில்தான் பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.

பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020இல் கொண்டு வந்தது. 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதற்கென்று செய்யப்படும் எதுவும் பொம்மைதான். அது பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் உரிமம் பெற்று, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் வெளியே போக வேண்டும். சாதாரண பொம்மைக்கு ஐ.எஸ். 9873, பேட்டரியிலோ மின்சாரத்திலோ ஓடும் பொம்மைக்கு ஐ.எஸ். 15644 என்று தரநிலைகள் இருக்கின்றன. உடைந்தால் கூர்முனை வருகிறதா, தீப்பிடித்தால் எவ்வளவு வேகமாக எரிகிறது, பெயின்டில் ஈயம் போன்ற உலோகங்கள் கசிகின்றனவா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

சின்னவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள், தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு இந்த ஆணையிலிருந்து விலக்கு உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை, அதற்கென்று பதிவு செய்த உரிமையாளர்களும் அங்கீகரிக்கப்பட்டவர்களும் செய்தால் அதற்கும் விலக்கு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, கர்நாடகத்துச் சென்னபட்டணம் மரப் பொம்மை, ஆந்திரத்துக் கொண்டபள்ளி பொம்மை இதில் அடங்கும். ஆக, வீட்டில் உட்கார்ந்து குரோஷா பொம்மை பின்னுகிறவர் முதலில் செய்ய வேண்டியது இன்ஸ்டாகிராம் பக்கம் திறப்பதல்ல. கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது.

விலக்கு என்பது காகிதத்துக்குத்தான். குழந்தையின் தொண்டைக்கு விலக்கு கிடையாது.

பாரிமுனையில் மொத்தமாக வாங்கி விற்றால் அது செய்தவர் பொறுப்புதானே?

இல்லை. முத்திரை இல்லாத பொம்மையை விற்பவரும், கடையில் வைத்திருப்பவரும் பொறுப்புதான். அட்டையில் முத்திரையும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்று ஒரு செயலி இருக்கிறது. அதில் எண்ணைத் தட்டினால் உண்மையா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே தட்டிப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தே பாதி விடை தெரியும்.

சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் முன் நானே எதையாவது சோதிக்க முடியுமா?

முடியும், கட்டாயம் செய்யுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான பொருளில் இருந்து எது கழன்று வந்தாலும், அது தொண்டையை அடைக்கும் அளவில் இருக்கக் கூடாது. சோதனைக்கூடத்தில் இதற்கென்று ஒரு சின்ன உருளை இருக்கிறது. விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பகுதி சாய்வாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. எந்தப் பக்கமாகப் போட்டாலும் இதற்குள் முழுசாக அடங்கிவிடும் துண்டு ஆபத்தானது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிய வாய் என்று கண்ணால் அளந்துகொள்ளலாம்.

துணிப் பொம்மையின் கண்தான் எப்போதும் பிரச்சினை. பாசிமணியோ பட்டனோ வைத்துத் தைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஐரோப்பியத் தரநிலைப்படி, ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உறுப்பை 90 நியூட்டன் விசையில் இழுத்தாலும் கழலக் கூடாது. ஏறக்குறைய ஒன்பது கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. என் கடையின் முதல் வருடத்தில் ஒரு முயல் பொம்மையின் கண்ணில் அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். ஐந்து கிலோவிலேயே கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து கைக்குழந்தைகளுக்கான பொம்மைக்கெல்லாம் நூலில்தான் கண்.

பட்டன் பேட்டரியும் சின்னக் காந்தமும் தனி ரகம். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்துபோகலாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், குடலே ஓட்டையாகும். பேட்டரி வைத்த பொம்மை செய்வதென்றால் மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்க வேண்டும். விரல் நகத்தால் திறக்கும் மூடி ஆகவே ஆகாது.

குழந்தைகளுக்கான சத்துமாவு, ராகி பொடி, நேந்திரங்காய் பொடி விற்கலாமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். அதிகம் பேர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் பதிவு இல்லாமல் எந்த உணவும் விற்க முடியாது. அது பலருக்குத் தெரியும். தெரியாதது 1992ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று. தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொடி, பால் புட்டி, சிசு உணவு ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்துவது. 2003இல் திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள். ஆறு மாதம் முடிந்து இரண்டு வயது வரை, தாய்ப்பாலுக்குத் துணையாகக் கொடுக்கப்படும் உணவு எந்தப் பெயரில் இருந்தாலும் அது சிசு உணவு. அதற்கு விளம்பரமே செய்யக் கூடாது. ‘நிறைய வாங்கினால் தள்ளுபடி’, இலவச சாம்பிள் எல்லாம் கூடாது. லேபிளில் குழந்தையின் படமோ தாயின் படமோ போடக் கூடாது. மீறினால் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது.

இப்போது உங்கள் போனைத் திறந்து, ‘ஆறு மாதம் முதல்’ என்று எழுதி, கொழுகொழு குழந்தையின் படம் போட்டு விற்கும் பக்கங்களைப் பாருங்கள். எத்தனை பேர் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்? பாவம், நல்ல எண்ணத்தில் தான் செய்கிறார்கள். ஆனால் ‘என் பிள்ளைக்குக் கொடுத்ததைத்தான் விற்கிறேன்’ என்பது சட்டத்தில் ஒரு பதிலே அல்ல. உங்கள் பிள்ளைக்கு அன்றன்று வறுத்து அரைத்தீர்கள். விற்பனைக்கு வரும்போது அது டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும். முளைகட்டிய கேழ்வரகு சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நிலக்கடலையில் வரும் பூஞ்சை நச்சு கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. சில குழந்தைகளுக்கு நிலக்கடலையும் முந்திரியும் ஒவ்வாமையைக் கொண்டுவரும்.

அப்படியானால் என்ன செய்வது? சிசு என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். ‘குடும்பத்துக்கான சத்துமாவு’ என்று, இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக விற்கலாம். லேபிளில் பதினான்கு இலக்கப் பதிவு எண், தயாரித்த தேதி, உள்ளே இருக்கும் கொட்டை வகைகள் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். ‘மூளை வளர்ச்சிக்கு’, ‘ஒரே மாதத்தில் எடை கூடும்’ என்று எழுதாதீர்கள். குழந்தையின் அறிவோ உடல் திறனோ கூடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்வதை 2022இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன.

தேன் கலந்த எதையும் ஒரு வயதுக்குக் கீழே கொடுக்கச் சொல்லாதீர்கள். பாட்டி நாக்கில் தடவியிருக்கலாம். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி கைக்குழந்தையின் நரம்புகளை முடக்கிவிடும்.

மூலிகை சோப்பு, வீட்டுக் கண்மை, வசம்பு வளையல்?

சோப்பும் கண்மையும் அழகுசாதனம். சமையலறையில் செய்தாலும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தயாரிப்பு உரிமம் வேண்டும். கண்மையில் ஈயம் கலந்திருக்கும் அபாயம் உலகம் முழுக்க அறிந்த விஷயம். நான் கடையில் வைப்பதில்லை.

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் இருக்கிறது. அதனால் இதைச் சொன்னால் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. வசம்பை மணிமணியாக நறுக்கி நூலில் கோத்த வளையல், கைக்குழந்தையின் வாய்க்கு எட்டும் தூரத்தில் சின்னச் சின்னத் துண்டுகளைக் கட்டி வைப்பதுதான். மேலே சொன்ன உருளைக்குள் அத்தனை மணியும் அடங்கும்.

திருப்பூர் பக்கத்தில் இருக்கிறேன். குழந்தை உடை தைத்து விற்கலாமா?

தாராளமாக. உடை பொம்மைச் சட்டத்துக்குள் வராது. ஆனால் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்த யாரையாவது பிடித்து ஒரு மணி நேரம் பேசுங்கள். நிக்கல் இல்லாத பட்டன், பட்டன் இழுப்புச் சோதனை, உடைந்த ஊசி முனை துணியில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் டிடெக்டர் என்று அவர்களுக்கு எல்லாம் மனப்பாடம். அமெரிக்காவுக்குப் போகும் குழந்தைச் சட்டையின் தொப்பியில் நாடா இருக்காது. சறுக்கு மரத்தில் மாட்டிக் கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்த பிறகு நிறுத்தினார்கள். உள்ளூருக்குத் தைக்கும்போது மட்டும் அதே ஊரில் அதே மெஷினில் கழுத்துக்கு நாடா வைத்துத் தைக்கிறோம். நம் பிள்ளையின் கழுத்து என்ன இரும்பா?

கைக்குழந்தை உடையை விட இரண்டிலிருந்து ஆறு வயது வரைக்குமான பருத்தி உடையில் ஆர்டர் திரும்பத் திரும்ப வரும். சைஸ் விளக்கத்தை வயதில் போடாமல் உயரத்தில் போடுங்கள். ரிட்டர்ன் கணிசமாகக் குறையும்.

தமிழ் எழுத்துப் பொருள்கள் செய்ய நினைக்கிறேன். போட்டி அதிகமா?

ஆட்கள் நிறைய, சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. கடையில் கிடைக்கும் மரப் பலகை, சார்ட் எத்தனையில் ஔ என்ற எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்துகள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ழகர ளகரக் குழப்பம் வேறு. ‘ஞ’வுக்கு ஞாயிறு என்று எழுதிவிட்டு ஞானியின் படத்தை வைத்த ஒரு சார்ட்டைப் பார்த்தேன்.

இங்கே வாய்ப்பு இருக்கிறது என்பது என் கணிப்பு. முக்கியமாக, சிங்கப்பூர், மலேசியா, கனடாவில் இருக்கும் தமிழ் வீடுகள். அங்கே குழந்தைக்குத் தமிழ் காதில் விழும், கண்ணில் படாது. 247 எழுத்தையும் ஒரே பலகையில் அடைத்து அனுப்பினால் பெட்டியைத் திறந்ததும் மூடிவிடுவார்கள். ‘ப’வும் ‘ட’வும் ‘ம’வும் வைத்தே படம், மடம், பட்டம் என்று வாசித்துவிடலாம். பத்து எழுத்தில் ஐம்பது சொல் வரும்படி ஒரு பெட்டி செய்யுங்கள். அச்சடித்த புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது ஒரு கூடுதல் லாபம். எழுத்துகளை மரத்தில் வெட்டினால் அது பொம்மை, மேலே சொன்ன ஆணை வரும்.

நடைவண்டி, பல்லாங்குழி, பம்பரம்: பழைய விளையாட்டுகளுக்கு மவுசு உண்டா?

வாங்குவது அப்பா அம்மாவின் ஏக்கம். குழந்தை இரண்டு நாள் விளையாடும், மூன்றாம் நாள் பல்லாங்குழி வரவேற்பறை அலமாரிக்குப் போய்விடும். பெரியவர்கள் கூட உட்கார்ந்து ஆடினால்தான் அது ஓடும். ஆகவே அதைப் பெரியவர்களுக்கான பொருளாக நினைத்தே விலையும் பெட்டியும் வையுங்கள்.

நடைவண்டி அப்படியில்லை, அது உண்மையிலேயே நல்ல பொருள். குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருளும் வாக்கரைக் கனடா 2004இலேயே தடை செய்துவிட்டது; படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் அவ்வளவு பேர். நம் மூன்று சக்கர நடைவண்டியில் குழந்தை வெளியே நின்று, தன் காலில் நின்று, தள்ளும். மேடு வந்தால் வண்டி நிற்கும். அதிலும் ஆணி தலை நீட்டாமல், மலிவு பெயின்ட் இல்லாமல் செய்ய வேண்டும். சென்னபட்டணத்துக் கடைசல்காரர்கள் செய்வதைப் பாருங்கள்: லேத்தில் சுழலும் பாலை மரத்தின்மேல் இயற்கைச் சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும், கடைசியில் தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். பிரஷ்ஷே இல்லை.

விலை எப்படி வைப்பது?

எல்லாரும் தவறு செய்வது இங்கேதான். ஒரு கிலுகிலுப்பைக்கு மரமும் கூலியும் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ‘150க்கு விற்றால் 60 லாபம்’ என்பார்கள். பெட்டி 20, கூரியர் 60, பத்தில் ஒன்று உடைந்தோ திரும்பியோ வரும். போட்டோ எடுத்த நேரம், வாட்ஸ்அப்பில் “லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க சிஸ்டர்” என்பவருக்குப் பதில் சொன்ன நேரம் எதுவும் கணக்கில் இல்லை. அந்த 150இல் நீங்கள் கைக்காசு போட்டு விற்கிறீர்கள். அடக்கத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறைந்து விலை வைத்து நேரடியாக விற்பவர் யாரும் இரண்டாவது வருடம் என்னோடு பேசியதில்லை.

அபாகஸ், ஃபோனிக்ஸ் வகுப்புக்கு ஃப்ரான்சைஸ் எடுக்கலாமா?

நீங்கள் நல்ல டீச்சர் என்றால் அந்தப் பணம் எதற்கு? டீச்சர் இல்லை என்றால் அந்தப் பணத்தால் ஆகிவிட மாட்டீர்கள். எடுத்தே தீருவதென்றால், மூன்றாவது வருடம் நடத்திக்கொண்டிருக்கும் இரண்டு பேரை நீங்களாகத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஃப்ரான்சைஸ் கம்பெனி தரும் நம்பர் வேண்டாம்.

குழந்தைகளுக்கு ஒரு செயலி?

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைதான். பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட சம்மதம் வாங்க வேண்டும், குழந்தையின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்பது உங்கள் திட்டமாக இருந்தால், அந்தத் திட்டமே அடிபடுகிறது.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் செய்யும் பொம்மைகளை அவன் பெயரிலேயே விற்கலாமா?

அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. பதினெட்டு ஆக வேண்டும். அதனால் தொழில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பத்து வயதுக்கு மேல் அவன் தானே இயக்கும் சேமிப்புக் கணக்கு வைக்கலாம், லாபத்தை அதில் போடுங்கள். பள்ளி நேரம் போக, வீட்டுத் தொழிலில் உதவுவது சட்டப்படி சரி. தீபாவளி ஆர்டருக்காக ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார வைப்பது எந்தச் சட்டப்படியும் சரியில்லை.

விளம்பரப் படத்தில் வேறு வீட்டுக் குழந்தையை நடிக்க வைத்தால் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தக் குழந்தையின் பெயரில் வைப்புத் தொகையாகப் போக வேண்டும்.

குறைந்த முதலில், ரிஸ்க் இல்லாமல் ஏதாவது ஒன்று சொல்லுங்களேன்?

ரிஸ்க் இல்லாதது இல்லை. குறைவானது இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, ஸ்கூல் பெயர் லேபிள். தண்ணீரில் உரியாத ஸ்டிக்கர். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ரப்பர் வரைக்கும். மே கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை தூங்க நேரமிருக்காது, அப்புறம் பத்து மாதம் மெதுவாக ஓடும். பிரிண்டர் ஒன்றும் கட்டர் ஒன்றும் போதும். பிள்ளையின் பெயரைப் பெற்றோர் தட்டச்சு செய்து அனுப்பியபடியே அச்சடியுங்கள். நீங்களாகத் திருத்தினால் சண்டை வரும்.

இரண்டு, ரிட்டர்ன் கிஃப்ட். 50 முதல் 100 ரூபாய்க்குள், இருபத்தைந்து அல்லது முப்பது எண்ணிக்கையில், மொத்தமாக முன்பணம் வாங்கிச் செய்வது. பொருள் தேங்காது. இதில் முக்கியம் என்னவென்றால், பிறந்தநாள் குழந்தைக்கு ஆறு வயது என்றாலும் வருகிறவர்களில் ஒன்றரை வயதுத் தம்பி தங்கைகளும் இருப்பார்கள். ஆர்டர் எடுக்கும்போதே, “மூணு வயசுக்குக் கீழ எத்தனை பேர் வராங்க?” என்று கேட்டு, அவர்களுக்குத் தனியாக நாலைந்து பை கட்டிக் கொடுங்கள். எனக்குத் திரும்பி வரும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இந்த ஒரு கேள்விக்காகவே வருகிறார்கள்.

கடன் கிடைக்குமா?

முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். அந்தப் பிரிவுக்குப் பெயரே ‘சிசு’. வங்கிக்குப் போகும்போது கையில் மாதிரிப் பொருள் ஒன்றையும், அதற்கு வந்த ஆர்டர் நாலையும் எடுத்துப் போங்கள். எங்கள் மேனேஜர் அன்றைக்கு நான் கொண்டு போன தலையாட்டியை மேஜையில் வைத்துத் தட்டிக்கொண்டேதான் என் விண்ணப்பத்தைப் படித்தார். திருப்பித் தரவில்லை.